நைலானா, ஸ்டீலா, எலெக்ட்ரிக்கா? முதல் கிட்டார் வாங்கப் போகிறவர்களுக்கு

சென்னை பெரம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று கிட்டார்கள் இருக்கின்றன. ஸ்டீல் கம்பி பூட்டியது என்னுடையது. நைலான் தந்தி போட்டது மகளுடையது. எலெக்ட்ரிக் கிட்டார் தம்பியுடையது. வேலை கிடைத்து வெளியூர் போனபோது இங்கேயே விட்டுச் சென்றான். மூன்றையும் மாற்றி மாற்றி வாசித்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. எனக்குத் தெரிந்தவரை இந்த ஊரில் புதிதாகக் கற்கத் தொடங்குகிறவர்களின் கைக்கு முதலில் வந்து சேருவது ஸ்டீல் கிட்டார்தான். பழகாத விரலை அதிகம் வதைப்பதும் அதுதான்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஏழு ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் 3,000 ரூபாய்க்கு ஒன்றை வாங்கினேன். இரண்டு வாரத்தில் இடக்கை விரல் நுனிகள் தடித்து எரிந்தன. எஃப் கார்டு (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் ஒரு பிடி) வந்ததும் எல்லாம் நின்றுபோனது. ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து ஆறு கம்பிகளையும் ஒருசேர அழுத்த வேண்டும். எவ்வளவு அழுத்தினாலும் இரண்டு கம்பி செத்த ஒலிதான் தந்தது. எனக்கு இசை வராது என்று முடிவுசெய்து கருவியைப் பரண்மேல் போட்டேன். எட்டு மாதம் கழித்து, பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் அதைக் கொண்டுபோனேன். அவர் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகளே ஃபிரெட்டுகள்) அளவுகோலை வைத்தார். கம்பி ஐந்து மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. அதில் பாதி உயரம் போதும் என்றார். கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜில் செருகியிருக்கும் வெள்ளைப் பட்டையைத் தேய்த்து இறக்கி, கழுத்தை நேர்செய்து கொடுத்தார். அன்று மாலையே எஃப் கார்டு ஒலித்தது. குறை என் விரலில் இல்லை என்று யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இதை எழுதுவதே அதனால்தான்.

முதலில் கம்பிகளின் இழுப்புக் கணக்கைப் பார்ப்போம். வழக்கமான ஸ்டீல் கம்பித் தொகுப்பு ஒன்றைச் சுருதி சேர்த்தால் ஆறு கம்பிகளும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. நைலானில் அது நாற்பது கிலோவை ஒட்டி நிற்கும். எலெக்ட்ரிக் கிட்டாரின் மெல்லிய கம்பிகளிலும் ஏறக்குறைய நாற்பதுதான். அங்கே கம்பி கழுத்தோடு இன்னும் நெருங்கி ஓடுவதால் விரலுக்கு வேலை மேலும் குறைகிறது. மூன்றிலும் கம்பியின் நீளம் கிட்டத்தட்ட ஒன்றுதான், 65 சென்டிமீட்டர் அளவில். சுருதியும் ஒன்றே. விரல் படும் பாடு மட்டும் வேறு.

நைலான் கிட்டாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊரில் அதைக் குழந்தைகளின் கிட்டார் என்று ஒதுக்குகிறார்கள். அது முறையல்ல. 1940-களில் ஆல்பர்ட் அகஸ்டின் என்ற நியூயார்க் கைவினைஞர் நைலான் தந்தியை உருவாக்கும் வரை கிளாசிக்கல் கிட்டாருக்கு ஆட்டுக்குடலில் திரித்த தந்திதான். ஸ்பெயின் நாட்டுக் கிட்டார் மேதை ஆந்த்ரே செகோவியா அந்தப் புதிய தந்திகளை ஏற்று வாசித்த பிறகு உலகமே அதற்கு மாறியது. நம் இளையராஜா லண்டன் ட்ரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வில் தங்கப்பதக்கம் பெற்றது இந்த கிளாசிக்கல் கிட்டாரில்தான். சென்னையில் கிளாசிக்கல் கிட்டாருக்கு ட்ரினிட்டி கிரேடு எழுதப்போகும் பிள்ளைக்கு வேறு வழியே இல்லை, நைலான்தான் வேண்டும்.

இதன் கழுத்து அகலமானது. நட் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் தங்கும் பட்டை) இருக்கும் இடத்தில் நைலான் கிட்டார் 52 மில்லிமீட்டர், ஸ்டீல் கிட்டார் 43 அளவில் இருக்கும். ஒன்பது மில்லிமீட்டர் சிறிய வித்தியாசமாகத் தோன்றலாம். ஐந்து இடைவெளிகளுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொரு கம்பிக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் கூடுகிறது. விரல் பருத்த பெரியவர்கள் பக்கத்துக் கம்பியைத் தெரியாமல் தொட்டு அதன் ஒலியை அடைத்துவிடுவதை இந்த இரண்டு மில்லிமீட்டர் பெருமளவு தவிர்த்துவிடுகிறது. சின்னக் கைகளுக்கு அதே அகலம் எட்டாத தொலைவு. அவர்களுக்கு முக்கால் அளவு, அரை அளவு கிட்டார்கள் நைலானில் எளிதாகக் கிடைக்கின்றன. என் மகள் எட்டு வயதில் முக்கால் அளவில்தான் தொடங்கினாள். முதல் வாரத்திலேயே மெட்டு வாசித்தாள். விரல் வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

குறையும் உண்டு. புதுத் தந்தி மாட்டினால் அது இழுபட்டு அடங்க ஒரு வாரம் ஆகும். அதுவரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுருதி இறங்கும். பிக் என்னும் சிறு தகட்டை வைத்து ஓங்கி அடித்துப் பாடுவதற்கு அந்த ஒலி போதாது. ஒரு எச்சரிக்கை: ஒலி போதவில்லை என்று நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பியை மாட்டிவிடாதீர்கள். அந்த எழுபது கிலோ இழுப்பைத் தாங்க அது செய்யப்படவில்லை. பிரிட்ஜ் பெயர்ந்து வரும், மேற்பலகை புடைத்துவிடும்.

சென்னையின் காற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கிட்டார் மரத்துக்கு ஐம்பது விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம் இதம். இங்கே ஆண்டின் பெரும்பகுதி எழுபதுக்கு மேல். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேற்பலகை ஈரம் குடித்து உப்ப, கம்பி உயர்ந்துவிடுகிறது. சித்திரையில் நன்றாக ஒலித்த அதே கருவி தீபாவளிக்குக் கடினமாகிவிட்டதே என்று திகைக்க வேண்டாம். அக்னி நட்சத்திர வெயிலில் பூட்டிய காருக்குள் கிட்டாரை வைப்பது அதைவிடக் கேடு, பிரிட்ஜை ஒட்டிய பசையே இளகிவிடும். ஸ்டீல் கம்பிக்கு வியர்வையும் கடற்காற்றும் பகை. பெசன்ட் நகரிலும் திருவல்லிக்கேணியிலும் இருக்கிறவர்கள் வாசித்து முடித்ததும் துடைக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் கம்பி கறுத்துச் சொரசொரப்பாகிவிடும். துருவேறிய கம்பியில் விரலை வழுக்கிப் பழகுவது கொடுமை. நைலானில் உயர்ந்த சுருதி தரும் மூன்று தந்திகளுக்குத் துருவே கிடையாது. தாழ்ந்த சுருதி தரும் மூன்றில் சுற்றிய உலோக இழை மங்கும், அவ்வளவுதான்.

இத்தனையும் சொன்ன பிறகு ஸ்டீல் கிட்டாரை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பாடிக்கொண்டே வாசிக்க நினைக்கிறவர்களுக்கு அதற்கு ஈடு இல்லை. வேப்பேரியிலும் சாந்தோமிலும் ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழுவைத் தாங்கிப் பிடிக்கும் அந்தத் தாளக்கட்டு ஸ்டீலில்தான் அமையும். பத்துப் பேர் கூடிப் பாடும் மொட்டை மாடியில் மைக் இல்லாமல் கேட்பதும் அதுதான். விலையும் நைலானை ஒட்டியதே: நம்பகமான தொடக்கநிலைக் கருவி இரண்டிலுமே சுமார் 8,000 முதல் 12,000 ரூபாய்க்குள் கிடைத்துவிடும். கம்பியை மெல்லிய தொகுப்பாக மாற்றி, உயரத்தைச் சரிசெய்துவிட்டால் வலி பாதியாகும்.

எலெக்ட்ரிக்கை நம் வீடுகளில் யாரும் முதல் கிட்டாராக வாங்கித் தருவதில்லை. சாதாரண கிட்டாரில் தேறிய பிறகுதான் அது என்று ஓர் எண்ணம் இருக்கிறது. இதை நான் ஏற்கவில்லை. மூன்றிலும் எளிதில் அழுத்த வருவது எலெக்ட்ரிக்தான். அதைவிட முக்கியம், ஒலியைப் பெருக்கும் ஆம்ப் இணைக்காமல் வாசித்தால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. அலுவலகம் முடிந்து மின்சார ரயில் பிடித்து இரவு ஒன்பதரைக்கு வீடு சேர்கிறவர், சுவர் ஒட்டிய அடுக்குமாடியில் எப்போது பயிற்சி செய்வார்? ஹெட்போன் மாட்டிக்கொண்டு பத்தரைக்கு வாசிக்க எலெக்ட்ரிக் ஒன்றுதான் இடம் தருகிறது. பயிற்சி நடக்கும் கிட்டார்தான் நல்ல கிட்டார். தம்பி நான்கே மாதத்தில் என்னை முந்தியது இதனால்தான்.

செலவு கூடுதல். கருவி, சிறிய ஆம்ப், கேபிள் எல்லாம் சேர்த்து 20,000 முதல் 28,000 ரூபாய் வரை ஆகலாம். கேபிளும் அடாப்டரும் ரிச்சி தெருவில் சகாயமாகக் கிடைக்கும். பழைய வீடுகளில் எர்த் இணைப்பு சரியாக இல்லாவிட்டால் ஆம்ப் இரைந்துகொண்டே இருக்கும். அதைப் பொறுத்துப் போகாமல் முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்துப் பாருங்கள். கம்பியைத் தொடும் கைக்கு அது பாதுகாப்பும்கூட.

கர்நாடக இசை படித்த பிள்ளைகளுக்கு எலெக்ட்ரிக்கில் இன்னொரு வாசலும் திறக்கிறது. கமகத்துக்குக் கம்பியை இழுக்க வேண்டும். நைலானை எவ்வளவு வளைத்தாலும் சுருதி அதிகம் ஏறாது. தடித்த ஸ்டீல் கம்பி வளைய மறுக்கும். எலெக்ட்ரிக்கின் மெல்லிய கம்பி ஒரு முழு சுரம் வரை வளைந்து கொடுக்கும். சுகுமார் பிரசாத்தும் ஆர். பிரசன்னாவும் கர்நாடக இசைக்கு எலெக்ட்ரிக் கிட்டாரை எடுத்துக்கொண்டதும், மாண்டலின் ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினுக்குப் போனதும் காரணமில்லாமல் இல்லை.

சரளி வரிசை தெரிந்தவர்கள் எந்தக் கிட்டாரை வாங்கினாலும் முதல் நாளே இதைச் செய்து பாருங்கள். ஏதாவது ஒரு கம்பியைத் திறந்த நிலையில் ஸட்ஜமாகக் கொள்ளுங்கள். அதே கம்பியில் 1, 4, 5, 7, 8, 11, 12 ஆகிய ஃபிரெட்டுகளை வரிசையாக அழுத்தினால் மாயாமாளவகௌளையின் ரி, க, ம, ப, த, நி, மேல் ஸ வந்துவிடும். கார்ட் புத்தகத்தைத் திறக்கும் முன்பே ஒரு ராகம் கையில் இருக்கும். என் மகள் இதைக் கண்டுகொண்ட நாளில் சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

ஆக, பத்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கும், மெட்டாக வாசிக்க ஆசைப்படுகிறவருக்கும், எதுவும் தீர்மானிக்க முடியாமல் நிற்கிறவருக்கும் நான் நைலானைச் சொல்வேன். இரவில் மட்டுமே நேரம் கிடைக்கும் வேலைக்காரர்களுக்கு எலெக்ட்ரிக். பாடுகிறவர்களுக்கு ஸ்டீல், ஆனால் கம்பியின் உயரத்தைப் பார்த்த பிறகு மட்டும்.

போன மாதம் வேளச்சேரியிலிருந்து அக்கா மகள் பேசினாள். கல்லூரியில் முதலாண்டு, நன்றாகப் பாடுவாள். "சித்தி, நைலான் வாங்கட்டுமா?" என்று கேட்டாள். உனக்கு ஸ்டீல்தான் என்றேன். இணையத்தில் வாங்காதே, 1842-இல் தொடங்கி இப்போது அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிகல் போலக் கடைக்கே போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்கு என்றேன். போகும்போது இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்துப் போகச் சொன்னேன். ஒரு நாணயம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். இரண்டையும் அடுக்கிப் பன்னிரண்டாம் ஃபிரெட்டின் மேல், தடித்த ஆறாம் கம்பிக்கு அடியில் நுழைத்துப் பார்க்க வேண்டும். கம்பியை உரசினால் நல்லது. தாராளமாக நுழைந்து மேலே இடமும் இருந்தால் உயரம் அதிகம். (நைலானுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே நான்கு மில்லிமீட்டர் வரை இயல்பு.) பிறகு அதே ஃபிரெட்டில் கம்பியை அழுத்தாமல் விரலால் தொட்டு மீட்டி வரும் மணியொலியையும், அழுத்தி மீட்டும் ஒலியையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத கருவி மேல் ஃபிரெட்டுகளில் சுருதி சேராது.

சனிக்கிழமை மாலை கடையிலிருந்தே மறுபடி அழைத்தாள். முதல் இரண்டிலும் நாணயங்கள் தளர்வாகப் போய்வந்தனவாம். மூன்றாவதில் உரசியதாம். அதை மடியில் வைத்துக்கொண்டே பேசினாள். பேச்சுக்கு நடுவே திறந்த கம்பிகள் ஒவ்வொன்றாக ஒலிப்பது எனக்குக் கேட்டது.