தேக்கு, பொன்வண்டு, பஞ்சு: கோவையில் அம்மாவோடும் மகளோடும் நான்கு நாள்

ஸ்டுட்கார்ட்டிலிருந்து மூன்று வருடம் கழித்து, போன டிசம்பரில் கோவைக்குப் போயிருந்தோம். ஊருக்குப் போனால் கல்யாணம், காதுகுத்து, பேரூர், மருதமலை, துணிக்கடை என்றே நாள் ஓடிவிடும். இந்த முறை பத்து வயது மகள் முன்கூட்டியே கேட்டுவிட்டாள்: "அம்மிச்சி ஊர்ல மியூசியம் இருக்கா?" அம்மிச்சி என்றால் எங்கள் பக்கம் அம்மாவின் அம்மா. அந்த ஊரிலேயே படித்து வளர்ந்தவள் நான். ஆனாலும் பள்ளியில் கூட்டிப்போன ஒன்றைத் தவிர வேறெதற்குள்ளும் கால் வைத்ததில்லை. சரி, நான்கு நாள் ஒதுக்குவோம் என்று முடிவு செய்தோம். முழங்கால் வலியோடு அம்மாவும் கிளம்பிவிட்டார்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் ஒரு விஷயம். என் ஜெர்மன் எண்ணில் யுபிஐ ஓடவில்லை. டிக்கெட், ஆட்டோ, டீ என்று எல்லாவற்றுக்கும் கைப்பேசியில் ஸ்கேன் செய்யும் க்யூஆர் அட்டையைத்தான் நீட்டினார்கள். ஆனால் ரொக்கத்தை யாரும் மறுக்கவில்லை. பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொண்டால் போதும்.

முதல் நாள் ஆர்.எஸ்.புரம் கௌலி பிரவுன் சாலையில் இருக்கும் காஸ் வன அருங்காட்சியகம். எங்கள் பக்கம் ஃபாரஸ்ட் காலேஜ் மியூசியம் என்றால்தான் தெரியும். ஹொரேஸ் ஆர்ச்சிபால்டு காஸ் என்ற வன அதிகாரி 1902-இல் தொடங்கியது. பள்ளியில் கூட்டிப்போனது இங்கேதான். அன்று பாடம் செய்து நிறுத்திய காட்டெருமையைப் பார்த்துவிட்டு ஓடி வந்துவிட்டோம். இந்த முறை என்னை நிறுத்தி வைத்தது மரங்கள். மரத்துண்டுகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். நிறமும் வரியும் ஒன்றுக்கொன்று வேறு. பணியில் இருந்த ஒருவர் தானாகவே பக்கத்தில் வந்து, "ஏனுங்க, பாப்பாவுக்குத் தமிழ் வருங்களா?" என்று கேட்டார். வரும் என்றதும், மர வளையத்தை எப்படி எண்ணுவது, மழை குறைந்த வருடத்தில் வளையம் ஏன் நெருங்கிப்போகிறது என்று அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். ஆனைமலையில் மேலேயிருந்து தேக்குக் கட்டைகளைச் சரிவில் தள்ளிவிட்ட இடம்தான் டாப்ஸ்லிப் ஆனது என்ற கதையையும் அவரே சொன்னார். அப்பாவோடு எத்தனையோ முறை டாப்ஸ்லிப் போயிருக்கிறேன். அந்தப் பெயருக்கு ஓர் அர்த்தம் இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மறுநாள் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அருங்காட்சியகம். கோவையின் பெயர்பெற்ற கண்டுபிடிப்பாளரான நாயுடு, 1893-இல் பக்கத்துக் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். 1920-இல் ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே மின் மோட்டார் தயாரித்தார். தோட்டத்துக் கிணற்றில் ஓடும் மோட்டார் சத்தத்தில் தூங்கி எழுந்த என் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். அவர் செய்த மின்சார சவரக் கருவியின் பெயர் 'ரசன்ட்'. அந்தப் பெயரைப் படித்ததும் மகள் துள்ளினாள்: "அம்மா, இது ஜெர்மன்! ரொம்ப வேகம்னு அர்த்தம்!" அதுவரை சோர்ந்து நடந்தவள், அப்புறம் ஒவ்வொரு எழுத்தையும் விடாமல் படித்தாள்.

அதே சாலையில் 2015-இல் திறந்த ஜீடீ கார் அருங்காட்சியகமும் இருக்கிறது. ஸ்டுட்கார்ட்டில் கார் அருங்காட்சியகம் பார்த்துப் பழகிய என் கணவர்கூட அங்கிருந்து நகர மறுத்தார். அம்மாவுக்கு அது நீளம்தான். நாற்காலி கேட்டதும் எடுத்து வந்து போட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை வீணாய்ப் போனது. கைப்பேசி காட்டிய நேரத்தை நம்பி ஓரிடத்துக்குப் போனோம்; கதவு பூட்டியிருந்தது. விடுமுறை என்று ஒரு சீட்டுகூட ஒட்டவில்லை. வேறோர் இடத்தில் விளக்கப் பலகைகள் எல்லாம் ஆங்கிலத்தில் மட்டும். அம்மா எட்டாவது வரை தமிழில் படித்தவர். ஒவ்வொரு பலகைக்கும் என் முகத்தைப் பார்த்தார். கொங்கு மண்ணின் பொருளை வைத்துவிட்டு, இந்த மண்ணின் பெரியவர் படிக்க முடியாதபடி எழுதியிருந்தது எனக்கு உண்மையாகவே வலித்தது. கருத்துப் பதிவேட்டில் அதை எழுதிவிட்டு வந்தேன். கழிப்பறை கேட்டபோது கைகாட்டினார்களே தவிர, போய்ப் பார்த்தால் தண்ணீர் இல்லை. பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் முதல்நாளே போன் செய்து நேரம், படிக்கட்டு, கழிப்பறை மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று மதியம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகம், அந்த நாளையே மாற்றிவிட்டது. 2018-இல் திறந்தது. ஊசி குத்திய பூச்சிகள் சில பெட்டிகளில் இருக்கும் என்று நினைத்துப் போனேன். தட்டான், கும்பிடுபூச்சி, வண்ணத்துப்பூச்சி என்று சுவர் சுவராக இருந்தன. பொன்வண்டைக் கண்டதும் அம்மாவும் நானும் ஒன்றாக நின்றுவிட்டோம். தீப்பெட்டிக்குள் இலை போட்டு நான் வளர்த்தது அதைத்தான். வெயிலில் பச்சையும் பொன்னுமாய் மின்னும். "எங்க காலத்துல வேலியெல்லாம் இருக்கும் கண்ணு, இப்ப எங்க போச்சுன்னே தெரியல" என்று அம்மா பேத்தியிடம் சொன்னார். பயிருக்கு நல்லது செய்யும் பூச்சி எது, கெடுப்பது எது என்று மாணவர்கள் பொறுமையாகச் சொல்கிறார்கள். தோட்டம் வைத்திருக்கும் சொந்தக்காரர்களை அடுத்த முறை கூட்டி வர வேண்டும் என்று அங்கேயே நினைத்துக்கொண்டேன்.

கடைசி நாளை அம்மாவுக்காக வைத்திருந்தேன். அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடமும் துணி அருங்காட்சியகமும். தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ராவின் முதல் இயக்குநர் அவர். கோவையில் 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் தொடங்கியதுதான் முதல் பஞ்சு மில். 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்ததும் ஊரெங்கும் மில்கள் எழுந்தன. அப்படி ஒரு மில்லில்தான் என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, முப்பது வருடம் வேலை பார்த்தார். கூட்டமே இல்லை. அம்மா துணி வகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், பஞ்சைப் பற்றிச் சொல்லும் இடத்தில் நின்றார்.

"ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்தா அப்பா மீசை, புருவம் எல்லாம் பஞ்சா இருக்கும். தட்டி விட்டாத்தான் முகமே தெரியும்," என்றார். மில் சங்கு ஊதும் நேரத்தை வைத்துத்தான் அவருடைய அம்மா உலை வைப்பாராம். இது எதையும் அவர் எனக்குச் சொன்னதே இல்லை. மகள் கேட்டுக்கொண்டே போக, அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் யாரும் எங்களைக் கிளம்பச் சொல்லவில்லை. வெளியே வந்ததும் ஆட்டோக்காரரிடம் அம்மாவே பேசினார்: "அப்படியே மில்லு வழியா சுத்திப் போங்க தம்பி, பேத்திக்குக் காட்டோணும்."