சாவி யாரிடம்? கிராம்ப்ஸும் சிங்க்திங்கும், ஒன்றரை வருட அனுபவம்

வம்சாவளி எழுதி வைக்க எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள். அதே வம்சாவளியை இரண்டு கம்ப்யூட்டரில் வைத்து இரண்டும் ஒரே மாதிரி இருக்க என்ன செய்வது என்று கேட்டுப் பாருங்கள், ஆளைக் காணோம். இதற்கு நான் பட்ட பாட்டை எழுதி வைத்தால் இன்னொருவருக்காவது ஒரு மாசம் மிச்சமாகும்.

எங்கள் நிலைமை இதுதான். அப்பா திருச்சியில், விண்டோஸ் டெஸ்க்டாப்பில். நான் சென்னையில், உபுண்டு லேப்டாப்பில். ரிட்டயர் ஆன பிறகு அப்பாவுக்கு இதுதான் முழுநேர வேலை, அத்தைகளுக்கும் பெரியப்பாவுக்கும் போன் போட்டு யார் யாருக்கு எந்த ஊரில் பெண் கொடுத்தார்கள் என்று கேட்டு உடனுக்குடன் டைப் செய்துவிடுவார். என் பங்கு பழைய பத்திரங்களையும் கல்யாணப் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து சேர்ப்பது. (கல்யாணப் பத்திரிகையைத் தூக்கிப் போடாதீர்கள். தாத்தா பெயர், ஊர், மகன் வயிற்றுப் பேரனா மகள் வயிற்றுப் பேரனா என்பது வரை அச்சடித்துக் கொடுக்கிற ஆவணம் வேறு எது?)

சாஃப்ட்வேர் கிராம்ப்ஸ். இலவசம், திறந்த மூலம், 2001-லிருந்து இருக்கிறது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இந்த மாதிரி சாஃப்ட்வேர் பெரும்பாலும் குடும்பப் பெயர் உள்ள ஊர்க்காரர்களை மனதில் வைத்துச் செய்தவை, நம் இனிஷியலைப் பார்த்ததும் முழிக்கும். கிராம்ப்ஸில் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்று குறிக்க ஒரு இடம் உண்டு, தந்தை பெயரா, ஊர்ப் பெயரா, தொழிலா என்று தேர்ந்தெடுக்கலாம். நமக்கு அது ரொம்பப் பொருத்தம். மாமன் மகளைக் கட்டிய வகையில் ஒரே தாத்தா இரண்டு பக்கமும் வருவார், அதற்கும் அது கோபித்துக்கொள்வதில்லை. தேதியில் மட்டும் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். யூத, பாரசீக, இஸ்லாமிய நாட்காட்டிகள், ஏன், பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டி கூட இருக்கிறது, நம் அறுபது வருடச் சுற்று இல்லை. தாத்தாவின் நோட்டில் 'ராட்சச வருஷம் ஆவணி மாசம்' என்று இருந்தால் அது 1915-ஆ 1975-ஆ என்று நாமே யோசித்து 1915 ஆகஸ்டுக்கும் செப்டம்பருக்கும் இடையில் என்று போட வேண்டும். அப்படி 'இடையில்', 'சுமாராக' என்றெல்லாம் தேதி போட வழி இருப்பது பெரிய ஆறுதல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிராம்ப்ஸ் நம் வம்சாவளியை ஒரு வேர்ட் ஃபைல் மாதிரி வைத்துக்கொள்வதில்லை. கண்ணில் படாத ஒரு ஃபோல்டருக்குள் டேட்டாபேஸாக வைத்திருக்கிறது, புதிய பதிப்புகளில் அது எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் வகை. நாம் ஒரு பெயரைத் திருத்தி ஓகே கொடுத்ததும் அந்த நொடியே உள்ளே எழுதிவிடும், 'சேவ்' என்ற பேச்சே கிடையாது. ஒரு சமயத்தில் ஒருவர் திறந்து வேலை செய்யத்தான் அது கட்டப்பட்டிருக்கிறது. திறந்ததும் அதே ஃபோல்டரில் பூட்டு என்று ஒரு குட்டிக் கோப்பை வைக்கும், மூடும்போது எடுத்துவிடும். ஒரே உறையில் இரண்டு கத்தி வேண்டாம் என்பது அதன் கொள்கை. எனக்கு இது புரிய இரண்டு விபத்துகள் தேவைப்பட்டன.

முதல் விபத்து பென் டிரைவ் காலத்தில். அப்பா அவர் கம்ப்யூட்டரில் இருந்த அதே வம்சாவளியை ஜெட்காமில் ஏற்றுமதி செய்து கொடுத்தார், நான் அதை என்னுடைய வம்சாவளிக்குள்ளேயே இறக்குமதி செய்தேன். ஜெட்காம் என்பது எல்லா வம்சாவளி சாஃப்ட்வேருக்கும் பொதுவான கோப்பு வடிவம், மார்மன் சபையினர் உருவாக்கியது. ஒரு சாஃப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயரத்தான் அது, தினப்படி போய்வர இல்லை. ஏற்கெனவே இருக்கிற ஆள்தான் இவர் என்று அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயற்சி செய்யாது. 640 பேர் இருந்த வம்சாவளி 1,280 ஆகிவிட்டது. எல்லாருக்கும் இரட்டைப் பிறவி, கொள்ளுத்தாத்தாவுக்கு நாலு கல்யாணம் (இரண்டு நிஜமாகவே நடந்தது, அது வேறு கதை). ஒரே மாதிரி ஆட்களைத் தேடித் தரும் கருவி கிராம்ப்ஸில் உண்டு, அதை ஓட்டினேன். தலைப் பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கிற குடும்பத்தில் அந்தக் கருவியை ஓட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உண்மையிலேயே வேறு வேறான நாலு பேரை ஒரே ஆளாக்கலாமா என்று கேட்டது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து பிரித்த பிறகு மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய பேக்கப்பிலிருந்து ஆரம்பித்தேன்.

ஜெட்காம் பற்றி இன்னொன்று. அதன் பழைய 5.5 பதிப்பில் யுடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துக்கும் இடம் தரும் குறியாக்கம்) கிடையாது, 5.5.1-இல்தான் வந்தது, 2021-இல் வந்த 7.0-இல் அது கட்டாயம். தமிழில் பெயர் எழுதுகிறவர்கள் பழைய சாஃப்ட்வேரிலிருந்து வரும் கோப்பைத் திறக்கும்போது கேள்விக்குறிகளாக வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். தவிர, கிராம்ப்ஸிலிருந்து ஜெட்காமுக்குப் போனால் சில விவரங்கள் வழியிலேயே உதிரும். கிராம்ப்ஸிலிருந்து கிராம்ப்ஸுக்கு என்றால் அதன் சொந்த வடிவத்தையே பயன்படுத்துங்கள், உள்ளே அழுத்திச் சுருக்கிய எக்ஸ்எம்எல்தான், எங்கள் மொத்த வம்சமும் அரை எம்பிக்குள் அடங்கிவிடுகிறது.

இரண்டாவது விபத்து அதிபுத்திசாலித்தனத்தால் வந்தது. டேட்டாபேஸ் ஃபோல்டரையே தூக்கி ஒரு கிளவுட் சேமிப்பில் போட்டுவிட்டால் இரண்டு கம்ப்யூட்டரிலும் தானாகவே ஒன்றாகிவிடுமே என்று நினைத்தேன். மூன்று வாரம் ஜோராக ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அங்கே திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார், இங்கே அந்தப் பூட்டுக் கோப்பு இன்னும் வந்து சேரவில்லை, நானும் திறந்தேன். சாயங்காலம் பார்த்தால் டேட்டாபேஸுக்குப் பக்கத்தில் அதே பெயரில் இன்னொரு பிரதி, அப்பா காலையில் சேர்த்த பதினாறு பேர் ஒன்றில், நான் சேர்த்தவை மற்றொன்றில். இதில் கிளவுட்காரர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. டேட்டாபேஸில் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து ஒன்று வந்து அதைப் பிரதி எடுத்தால் கோப்பே கெட்டுப்போகலாம், எங்களுக்கு அதுவரை போகாதது முன்னோர் புண்ணியம். திறந்திருக்கும் டேட்டாபேஸை எந்த ஒத்திசைவுக் கருவியிடமும் கொடுக்காதீர்கள், எவ்வளவு காசு கட்டி வாங்கியதாக இருந்தாலும்.

அப்புறம்தான் சிங்க்திங் வந்தது, ஒரு ஃபோல்டரை இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி வைத்திருக்கும் சாஃப்ட்வேர். இதுவும் இலவசம், 2013-இல் முதலில் வெளியானது, நடுவில் யாருடைய சர்வரிலும் நம் கோப்பு தங்காது, நம் கம்ப்யூட்டர் இரண்டும் நேராகப் பேசிக்கொள்ளும். நேராக முடியாதபோது வேறொரு இடைநிலை சர்வர் வழியாகப் போகும், அப்போதும் மறையாக்கம் செய்துதான். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, கல்யாணத் தேதி எல்லாம் உள்ளே இருப்பதால் எனக்கு இது முக்கியம். போடுவது ஒன்றும் கஷ்டமில்லை, பிரவுசரில் ஒரு பக்கம் திறக்கும், ஒரு கம்ப்யூட்டரின் நீளமான அடையாளக் குறியை இன்னொன்றில் ஒட்டி இரண்டு பக்கமும் சம்மதம் கொடுக்க வேண்டும். ஆனால் அப்பாவுக்கு அதைப் போனில் சொல்லிச் செய்ய வைக்க முடியவில்லை, பொங்கலுக்குப் போனபோது நானே செய்தேன்.

இப்போது இருக்கும் ஏற்பாட்டில் டேட்டாபேஸை யாரும் தொடுவதில்லை. கிராம்ப்ஸின் விருப்பங்களில் மூடும்போது தானாகவே பேக்கப் எடுக்கச் சொல்லலாம், அந்த பேக்கப் போய் விழும் ஃபோல்டராக சிங்க்திங் ஃபோல்டரைக் காட்டிவிட்டேன். அப்பா வேலை முடித்து மூடினால் தேதியும் நேரமும் பெயரிலேயே உள்ள ஒரு கோப்பு அங்கே விழும், கொஞ்ச நேரத்தில் என் லேப்டாப்பில் இருக்கும். நான் காலியாக ஒரு புது வம்சாவளியைத் திறந்து அதற்குள் இறக்குமதி செய்வேன். காலியாக என்பதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள், ஏற்கெனவே ஆள் இருக்கும் வம்சாவளிக்குள் இறக்கினால் மறுபடி இரட்டைப் பிறவிதான். ஒவ்வொரு முறையும் பெயர் புதிது என்பதால் கோப்புகள் மோதிக்கொள்வதில்லை. அப்படியே மோதினாலும் சிங்க்திங் ஒன்றை அழிக்காமல் பெயரில் முரண் என்று சேர்த்துத் தனியாக வைத்துவிடும்.

இதோடு ஒரு வீட்டு விதியும் உண்டு. யார் கையில் 'சாவி' இருக்கிறதோ அவர் மட்டும்தான் திருத்தலாம். வாட்ஸாப்பில் "சாவி தர்றேன்" என்று ஒரு செய்தி, மற்றவர் இறக்குமதி முடித்து "வந்துருச்சுப்பா" என்று பதில். சாவி இல்லாதவர் வேறு வேலை பார்க்கலாம், பார்க்கலாம் என்றால் வம்சாவளியைப் பார்வையிடலாம், திருத்தக் கூடாது. இவ்வளவு டெக்னாலஜிக்கு நடுவில் கடைசியில் வேலை செய்வது இந்த ஒரு வரிச் செய்திதான் என்பது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஒரு தடவை சாவி இல்லாமல் அப்பா மூன்று பேரைச் சேர்த்துவிட்டு, "சின்ன திருத்தம்தாண்டா" என்றார். கிராம்ப்ஸ் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண் கொடுக்கும். என் பக்கம் ஐ0712 ஒரு சித்தி, அவர் பக்கம் ஐ0712 ஒரு மருமகன். எண் ஒன்று, ஆள் வேறு. கையால் மறுபடி டைப் செய்ததோடு போயிற்று.

போட்டோக்களும் ஸ்கேன்களும் தனிக் கதை. பேக்கப்பில் அவற்றையும் சேர்த்துக் கட்ட முடியும், ஆனால் பல ஜிபி இருக்கும்போது தினமும் அதைச் செய்ய முடியாது. அவற்றுக்குத் தனி சிங்க்திங் ஃபோல்டர் வைத்து, கிராம்ப்ஸுக்கு அடிப்படைப் பாதையை (அந்த ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்பதை) மட்டும் சொல்லி, மீதியைச் சார்புப் பாதையாக (அந்த ஃபோல்டரிலிருந்து தொடங்குவதாக) மாற்றினால் விண்டோஸிலும் லினக்ஸிலும் படம் தெரியும். முழுப்பாதையாக இருப்பவற்றை மொத்தமாக மாற்ற மீடியா மேனேஜர் என்ற கருவி உள்ளேயே இருக்கிறது. இதற்குப் பிறகும் எனக்குச் சில படங்கள் வரவில்லை. கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது. ஆங்கிலப் பெயர்கள் எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கினேன், தீர்ந்தது.

எந்த ஒத்திசைவும் தீர்க்காத ஒரு பிரச்சினையும் இருக்கிறது. அப்பா 'கெளரி' என்று டைப் செய்கிறார், கெ போட்டு ள போட்டு. நான் 'கௌரி' என்று ஒரே எழுத்தாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு பெண்கள். தேடினால் வரவில்லையே என்று நான் அந்த அத்தையை இன்னொரு தடவை சேர்த்துவிட்டேன். நம்மில் பாதிப் பேர் ஔகாரத்தை இப்படித்தான் எழுதுகிறோம், உங்கள் வம்சாவளியிலும் ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

குறைகள் என்றால், முதலாவது, சிங்க்திங்குக்கு இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். அப்பா காலை ஐந்து மணி ஆள், நான் ராத்திரி பதினோரு மணி ஆள். கடைசியில் பரணில் கிடந்த பழைய 'ராஸ்பெரி பை' என்ற குட்டிக் கம்ப்யூட்டரை எப்போதும் ஓடுகிற மூன்றாவது ஆளாக வைத்தேன், இப்போது அது நடுவில் வாங்கிக் கொடுக்கிறது. இரண்டாவது, நீங்கள் கிராம்ப்ஸில் செய்து வைக்கும் வடிகட்டிகள் (வேண்டிய ஆட்களை மட்டும் காட்டச் சொல்லும் விதிகள்) வம்சாவளிக்குள் இல்லை, தனியாக இருக்கின்றன, பேக்கப்போடு வராது. மூன்றாவது, இரண்டு பக்கமும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். புதிய பதிப்பு டேட்டாபேஸை மேம்படுத்திவிட்டால் பழைய பதிப்பால் அதைத் திறக்க முடியாது, அதனால் அப்டேட் என்று வந்தால் தொடாதே என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திருத்தியே ஆக வேண்டும் என்றால் கிராம்ப்ஸ் வெப் இருக்கிறது, சொந்த சர்வரில் போட்டுக்கொள்வது, எது எங்கே மாறியது என்று காட்டி டெஸ்க்டாப்போடு ஒத்திசைக்கத் துணைக்கருவியும் உண்டு. சர்வரைப் பராமரிக்கத் தெரிந்தவர்களுக்கு அதுதான் சரியான வழி. எனக்குப் பொறுமை இல்லை, வீட்டுப் பெண்களின் விவரங்களை இணையத்தில் திறந்து வைக்கத் துணிச்சலும் இல்லை. காசு கொடுத்து வாங்குவதில் ஃபேமிலி ட்ரீ மேக்கர் ஆன்செஸ்ட்ரி தளத்தோடு ஒத்திசைக்கும், ஆனால் அதன் விற்பனையை நிறுத்தப் போவதாக 2015 டிசம்பரில் ஆன்செஸ்ட்ரி அறிவித்து, சில மாதங்களில் அது வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. மூன்று தலைமுறைக்கு எழுதி வைக்கிற விஷயத்தை அப்படி ஒரு இடத்தில் கட்டிப்போட எனக்கு மனசு வரவில்லை.

கிராம்ப்ஸுக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன், ஒன்றைக் குறைப்பது அந்த முகப்புக்காக, அப்பாவுக்குப் பழக ஆறு மாசம் ஆனது. சிங்க்திங்குக்கு நாலரை.

சாவி இப்போது அப்பாவிடம். வெள்ளிக்கிழமை தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனவர், பதினோரு பேர் பெயரைத் தாம்பூலப் பையின் பின்னால் எழுதி வந்திருக்கிறார். "கண்ணாடி உடைஞ்சுருச்சு, மாத்தினதும் போடுறேன், அதுவரைக்கும் நீ தொடாதே" என்று செய்தி வந்து நாலு நாள் ஆகிறது.