என்னை நிற்க வைத்ததும் அந்த விறைப்புதான்: பேக்லோஃபெனோடு 7 வருடம்

தொண்டியிலிருந்து ஒரு தம்பி போன வாரம் போன் செய்தார். அவருடைய மச்சான் பனையிலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டவர். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். கால் இரண்டும் விறைத்து இழுப்பதால் பேக்லோஃபென் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "நீங்க வருஷக்கணக்கா போடுறீங்களேண்ணே, நல்ல மாத்திரைதானா?" என்று கேட்டார். போனில் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பாம்பன்காரன். விசைப்படகின் மேல்தட்டிலிருந்து தவறிக் கீழே விழுந்தேன். தண்டுவடம் முழுசாகப் போகவில்லை, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பேன். கடலுக்குப் போவது அன்றோடு முடிந்தது. இப்போது திண்ணையில் உட்கார்ந்து வலை வேலை பார்க்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். மாத்திரை தொடங்குவதற்கு முன் ராத்திரி என்றாலே பயம். கண் அசரும்போது கால் வெட்டி இழுக்கும், முழங்கால் நெஞ்சுக்கு ஏறும். வாடைக்காற்று மாதங்களில் இன்னும் மோசம். பக்கத்தில் படுத்த என் மனைவிக்கும் தூக்கம் கிடையாது. 5 மில்லிகிராம் மூன்று வேளை என்று தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். இரண்டாம் வாரத்தில் ஒருநாள் விடியும்வரை தூங்கினேன். எழுந்ததும் கால் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். அந்த ஒரு ராத்திரிக்காக இந்த மருந்துக்கு ஆயுள் முழுக்க நன்றி சொல்வேன்.

டாக்டர் எனக்கு விளக்கியது இது. தசையை அடக்கி வைக்க மூளை அனுப்பும் கட்டளை, அடிபட்ட இடத்தைத் தாண்டிக் கீழே சரியாக இறங்குவதில்லை. அதனால் கீழே உள்ள நரம்புகள் தொட்டதற்கெல்லாம் தசையை இழுக்கின்றன. உடம்பில் இயல்பாகவே காபா என்று அடக்கும் பொருள் ஒன்று இருக்கிறது. அதன் வேலையைத் தண்டுவடத்தில் இந்த மாத்திரை செய்கிறது. 1962-ல் வலிப்பு நோய்க்கென்று உருவாக்கிய மருந்து, கடைசியில் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் உதவியிருக்கிறது.

இனி என் மனக்குறை. மாத்திரைக்கு எந்த விறைப்பு வேண்டாதது, எந்த விறைப்பு வேண்டியது என்று தெரியாது. என் தொடையில் சொந்த பலம் கொஞ்சம்தான். எழுந்து நிற்கும்போது முழங்காலைப் பூட்டிப் பிடித்து வைத்திருந்ததே அந்த விறைப்புதான். ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் என்று ஏறியபோது இழுப்பு நன்றாக அடங்கியது. ஆனால் காலையில் கட்டிலிலிருந்து எழுந்தால் கால் நனைந்த கயிறு மாதிரி துவண்டது. இரண்டு முறை கீழே சரிந்தேன். விறைப்பு எதிரி என்று எல்லோரும் சொன்னார்கள், என்னைத் தாங்கி நிறுத்துவதும் அதுதான் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அந்தக் கோபத்தில், ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில், யாரிடமும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் காய்ச்சல் கொதித்தது. கால் பலகையாக விறைத்தது. சுவரில் நண்டுகள் ஊர்வதைப் பார்த்தேன். இல்லாத நண்டுகள். என் மகன் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினான். பேக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தினால் பிரமை, கடும் காய்ச்சல், வலிப்பு வரை போகும், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நிறுத்தியது என் தப்பு. ஆனால் முதலில் எழுதிக் கொடுத்த இடத்தில் "தானாக நிறுத்தாதே" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அது இன்றும் ஆறவில்லை.

அப்புறம் பார்த்த டாக்டர்தான் கேட்டார்: "நீங்க எந்தெந்த நேரத்துல எழுந்து நிக்கிறீங்க?" அதுவரை யாரும் கேட்காத கேள்வி. காலையிலும் மதியத்திலும் குறைத்து, பெரிய பங்கை ராத்திரிக்கு வைத்தார். நிற்க முடிந்தது, தூங்கவும் முடிந்தது. இது என் உடம்புக்குப் போட்ட கணக்கு, மச்சானுக்கு அவருடைய டாக்டர்தான் போட வேண்டும்.

தம்பி, இன்னொன்று. நன்றாக இருந்த கால் திடீரென்று அதிகமாக இழுத்தால் உடனே மாத்திரையைக் கூட்டச் சொல்லாதீர்கள். முதலில் சிறுநீரைப் பரிசோதியுங்கள். தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண், எது இருந்தாலும் கால் அதைத்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். எனக்கு மூன்று முறை சிறுநீர்த் தொற்றுதான் காரணம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இந்த மருந்து உடம்பிலேயே தங்கி மயக்கத்தில் தள்ளும். அதையும் டாக்டரிடம் கேளுங்கள். சாராயம் பக்கமே போகக்கூடாது.

ஒருமுறை ஸ்டாக் இல்லை என்று ஒரு கடையில் டைசானிடின் எடுத்து நீட்டி, "இதுவும் தசை தளர்த்துறதுதான்" என்றார்கள். வாங்காமல் வந்தேன். இரண்டும் ஒன்றல்ல. அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், சிப்ரோஃப்ளாக்சசினோடு சேர்ந்தால் ஆபத்தான அளவுக்குக் குறைக்கும். சிறுநீர்த் தொற்றுக்கு அந்த சிப்ரோவை எத்தனை பேருக்கு எழுதுகிறார்கள்! எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பெரிய பொறி வேறு இல்லை.

சரி, நல்ல மாத்திரைதானா? இன்று காலையும் கட்டிலோரம் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன், முழங்கை சிராய்த்திருக்கிறது. இந்த நேரத்தில் என்னால் நல்ல மாத்திரை என்று சொல்ல முடியவில்லை. யாருக்கும் இது தேவைப்படக்கூடாது என்றுதான் தோன்றுகிறது. டப்பாவில் இன்னும் ஒன்பது நாளுக்கு இருக்கிறது. வியாழக்கிழமை மகன் ராமநாதபுரம் போகிறான், ஒரு மாதத்துக்குச் சேர்த்து வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.