கருங்கடல் கரையின் மூன்று வெண்கலக் காசுகள்: ஒரு மதிப்புரை

ஜெர்மனியில் பழங்காசு விற்கும் ஒரு கடையிலிருந்து, கருங்கடல் கரையோரக் கிரேக்க நகரங்களின் வெண்கலக் காசுகள் மூன்று கொண்ட தொகுப்பைச் சென்ற மாதம் வாங்கினேன். பொருள் நன்று, அதனுடன் வந்த விவரக்குறிப்பை அப்படிச் சொல்ல இயலாது.

மூன்றில் முதலிடம் அமிசோஸ் காசுக்கே. இன்றைய துருக்கியின் சாம்சுன் நகரமே அன்றைய அமிசோஸ். பொந்தஸ் அரசன் ஆறாம் மித்ரதாத்தேஸ் காலத்தில் அடிக்கப்பட்ட இக்காசு, இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றே மேற்பட்ட அகலமுடையதாயினும், தடிமனால் உள்ளங்கையில் கனம் காட்டுகிறது. முன்பக்கத்தில் ஆதீனா தேவியின் செதில் கவசமும் அதன் நடுவே பாம்புக் கூந்தல் அரக்கியாகிய கோர்கனின் முகமும் உள்ளன. பின்பக்கத்தில் வெற்றித் தேவதை நிக்கே ஈச்ச மட்டையைத் தோளில் சாய்த்து நடக்கிறாள். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அவளுடைய இறகின் வரிகள்கூடத் தெரிகின்றன. ‘அமிசோஸினுடையது’ என்னும் பொருள்பட அவளுக்கு இருபுறமும் பொறித்த எழுத்துகளில் கடைசி எழுத்து மட்டும், அச்சு விலகி விழுந்ததால், காசின் விளிம்புக்கு வெளியே போய்விட்டது. சம்மட்டியால் அடித்த காசில் இதைக் குறையாகக் கொள்வதற்கில்லை.

இரண்டாவது, கிரிமியாவின் இன்றைய கெர்ச் நகரமாகிய பாண்டிகபையத்தின் காசு. நகரின் பெயரோடு ஒலி இயைந்த பான் தேவனின் முகம் ஒருபுறம். கழுகுத் தலைச் சிங்கமாகிய கிரிஃபினும் அதன் கீழே ஸ்டர்ஜன் மீனும் மறுபுறம். (மித்ரதாத்தேஸ் கி.மு. 63இல் உயிர்விட்டதும் இந்நகரில்தான். கடைக்காரர் இதைக் குறிப்பிட்டிருந்தால் தொகுப்புக்கு ஒரு கதை கிடைத்திருக்கும்.) காசின்மேல் காலப்போக்கில் படிந்த களிம்பு உறுதியாக உள்ளதென்று விவரக்குறிப்பு கூறியது. ஆனால் மீனின் வாலோரத்தில் ஊசிமுனை அளவுக்கு வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தது. உலோகத்தினுள் தங்கிய குளோரைடு உப்பு ஈரக் காற்றுடன் சேர்ந்து வெண்கலத்தை அரிப்பதன் அடையாளம் அது. காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது, இன்றைய உக்ரைனின் கரையில் இருந்த ஒல்பியா நகரின் டால்ஃபின். இது வட்டக் காசு அன்று. டால்ஃபின் வடிவிலேயே வார்த்தெடுத்தது. அச்சடித்த காசின் ஓரத்தில் வார்ப்புத் தையல் (வார்ப்பச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்துக் கோடு) தென்பட்டால் போலி என ஐயுறலாம். டால்ஃபினோ அசலே வார்ப்பு என்பதால் அந்தச் சோதனை இங்கே உதவாது. களிம்பையும், காசு கைமாறி வந்த வரலாற்றையுமே நம்ப வேண்டும். அவ்வரலாற்றைக் கேட்டபோது, ‘பழைய சேகரிப்பு’ என்னும் இரண்டு சொற்களே பதிலாக வந்தன. ரசீதோ பழைய ஏலப் பட்டியலோ எதுவும் இல்லை.

போதாக்குறைக்கு, மூன்றையும் மென்மையான பிவிசி உறைகளில் போட்டு அனுப்பியிருந்தனர். நாளடைவில் வெண்கலத்தின்மேல் பச்சைப் பிசுக்கைப் படியச் செய்யும் உறை அது. அமிசோஸ் காசைத் தனியாக விற்றால் மீண்டும் வாங்குவேன். டால்ஃபினைத் திருப்பி அனுப்பிவிட்டேன், பணம் ஒன்பதாம் நாள் வந்து சேர்ந்தது.