உப்புவெளி விடுதியில் லாரவெலும் மரியாடிபியும்: நீண்டநாள் பாவனைக்குப் பிறகு

திருகோணமலை உப்புவெளியில் ஒரு சின்ன விடுதிக்கு அறைப்பதிவும் பில்லும் போடும் மென்பொருளை லாரவெலில் (பிஎச்பி மொழிக்கான ஒரு கட்டமைப்பு) எழுதிக் கொடுத்து, பல சீசனாக நானே பராமரித்தும் வருகிறேன். தரவுத்தளம் மரியாடிபி. ரிசப்ஷன் மேசைக்குக் கீழே இருக்கும் ஒரு உபுண்டு கணினியில்தான் எல்லாம் ஓடுகிறது. கிளவுட்டில் போட்டிருக்கலாமே என்று கேட்பவர்கள் மாரிக்காலத்தில் திருகோணமலைக்கு ஒருமுறை வந்து பார்க்கலாம். இன்டர்நெட் லைன் போனாலும் அறைச்சாவி கொடுக்கத்தானே வேண்டும்.

லாரவெலைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. தரவுத்தள அமைப்பின் மாற்றங்களைக் கோடாகவே எழுதிவைக்கும் மைக்ரேஷன் வசதிக்காகவே அதை விட மனம் வராது. தொல்லை வந்ததெல்லாம் அதற்கும் தரவுத்தளத்துக்கும் இடையில்தான். அதிலும் தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லை என்று சொல்லும் 2002 என்ற பிழை எண்ணைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன்.

இந்த 2002 இரண்டு விதமாக வரும். ஒன்று 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'. புதிதாகப் பார்ப்பவர்கள் ஏதோ பிஎச்பி கோப்பு தொலைந்துவிட்டது என்று புரொஜெக்ட் முழுக்கத் தேடுவார்கள். அது தேடுவது சாக்கெட் கோப்பை, அதாவது ஒரே கணினியில் உள்ள நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழியை. லினக்ஸில், அமைப்புகளை எழுதிவைக்கும் டாட் என்வ் கோப்பில் டிபி ஹோஸ்ட் என்ற இடத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் இணைப்பு நெட்வொர்க் பக்கமே போகாது, சாக்கெட் வழியாகத்தான் போகும். எக்ஸாம்ப் (பிஎச்பியும் மரியாடிபியும் சேர்ந்து வரும் தொகுப்பு) போட்டவர்களுக்கு அந்தக் கோப்பு வேறு ஃபோல்டரில் இருப்பதால் அங்கேயே இடறும். லோக்கல்ஹோஸ்ட்டை எடுத்துவிட்டு, அதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 என்று போட்டால் 3306 போர்ட் வழியாகப் போய்விடும். அல்லது டிபி சாக்கெட் என்ற வரியில் சரியான பாதையைக் கொடுக்கலாம்.

மற்றது 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்'. இதற்கு லாரவெலில் கை வைக்கவே தேவையில்லை. அந்த முகவரியில், அந்தப் போர்ட்டில் யாரும் காது கொடுக்கவில்லை என்பதுதான் பொருள். சர்வர் ஓடுகிறதா என்று சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் போட்டுப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். டாக்கரில் (மென்பொருளைத் தனித்தனிக் கன்டெய்னர்களாகப் பிரித்து ஓட்டும் முறை) ஓட்டுபவர்களுக்கு மட்டும் இன்னொரு சிக்கல் உண்டு: கன்டெய்னருக்குள் 127.0.0.1 என்றால் அது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும். அங்கே தரவுத்தள சேவையின் பெயரைத்தான் கொடுக்க வேண்டும்.

அனுமதி மறுப்பு என்று சொல்லும் 1045 வந்தால் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சர்வர்வரை போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், உள்ளே விடவில்லை, அவ்வளவுதான். உபுண்டுவில் மரியாடிபியின் ரூட் (நிர்வாகி) கணக்கு சிஸ்டம் ரூட்டாக வருபவரைத்தான் நம்பும். அதோடு மல்லுக்கட்டாமல், அந்த ஒரு தரவுத்தளத்துக்கு மட்டும் உரிமை உள்ள தனிப் பயனரை உருவாக்குவது நல்லது. கடவுச்சொல்லில் ஹாஷ் குறி இருந்தால் டாட் என்வ் கோப்பில் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் குறியோடு மிச்சமெல்லாம் கொமென்ட்டாகிப் போய்விடும்.

என்வ் கோப்பில் எல்லாம் சரியாக இருந்தும் பழைய பிழையே திரும்பத் திரும்ப வருகிறதா? அமைப்புகளைச் சேர்த்துப் பதுக்கிவைக்கும் கான்ஃபிக் கேஷ் கட்டளையை யாரோ ஓட்டியிருப்பார்கள். கேஷ் இருக்கும்வரை லாரவெல் என்வ் கோப்பைத் திறந்தே பார்க்காது. லாரவெலின் கட்டளைக் கருவியான ஆர்டிசனில் கான்ஃபிக் கிளியர் கொடுத்தால் சரி. பின்னணி வேலைகளைச் செய்யும் கியூ வர்க்கர் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் மறுதொடக்கம் செய்ய வேண்டும், பழைய கடவுச்சொல்லை அது நினைவில் வைத்திருக்கும்.

மின்வெட்டுதான் இங்கே பெரிய தலைவலி. 2022இல் நாடு முழுக்க ஒரு நாளில் 13 மணி நேரம்வரை இருட்டாகக் கிடந்த காலம் யாருக்கும் மறக்காது. அப்போது ரிசப்ஷனில் நிற்கும் பெடியனிடமிருந்து அழைப்பு வரும்: "அண்ணா, கரண்ட் வந்திட்டுது, ஆனா சிஸ்டம் திறக்குதில்ல." கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்தான். திடீரென நின்ற பிறகு மரியாடிபியின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி தன் லாக்கைப் படித்துத் தரவைச் சீர்செய்துகொண்டுதான் இணைப்புகளை ஏற்கும். "கொஞ்சம் பொறு தம்பி, ஒண்டையும் தொடாத" என்பதுதான் என் வழக்கமான பதில். பிழைச் செய்தியை அப்படியே கூகுளில் போட்டால், இன்னோடிபியின் ஐபிடேட்டா கோப்பை அழி, லாக் கோப்பை அழி என்று ஆலோசனை சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. பேக்அப் இல்லாமல் அதைச் செய்தால் சர்வர் எழும்பும், பதிவுகள் எழும்பாது. ஒரு சின்ன யூபிஎஸ்ஸும் இரவு பேக்அப்பும் இருந்தால் இந்த வேலைக்கே போகத் தேவையில்லை.

இணைப்போடு சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: லாரவெலின் இயல்புநிலை நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரம். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து விடியுமுன் இறங்குபவர்களை, காலை 5.30 வரை முதல் நாள் தேதியிலேயே பதிந்துவிடும். ஆசியா, கொழும்பு என்று மாற்றிவிடுங்கள்.

2024இல் வந்த லாரவெல் 11இலிருந்து புதிய புரொஜெக்ட்டுகள் எஸ்கியூலைட் என்ற, ஒரே கோப்பில் இருக்கும் தரவுத்தளத்தோடுதான் தொடங்குகின்றன. அதில் சர்வரே இல்லை, ஆகவே மேலே சொன்ன 2002, 1045 எதுவும் வராது. ஒரே கவுண்டர் உள்ள கடைக்கு இனி நான் அதையே போடுவேன். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதில் எழுதலாம். உப்புவெளி விடுதியில் ரிசப்ஷன், சாப்பாட்டுப் பக்கம், முதலாளியின் லேப்டாப் என்று சீசன் நேரத்தில் மூன்று பேரும் ஒன்றாகத் தட்டுவார்கள். அங்கே மரியாடிபியை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை.