சிவப்புப் பையை டிக்கியில போட்டுட்டு நிம்மதியா ஓடுற ஆக்களுக்கு

கனடாக் குளிரில கார் நடுவழியில நிண்டாப் பாவிக்க எண்டு விக்கிற உந்த 89 டொலர் விண்டர் எமேர்ஜென்சி கிட் வாங்கி வச்சிருக்கிற ஆக்கள் தயவுசெய்து இப்பவே போய் டிக்கியைத் திறந்து, சிப்பை இழுத்து, உள்ளுக்க என்ன கிடக்கெண்டு பாத்திட்டு வாங்கோ, மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம். நான் பாக்கேல்ல. ஒக்டோபர்ல வாங்கினதை தை மாசம் மைனஸ் 24இலதான் முதல்முதல் திறந்தனான்.

ஸ்காபரோவில ஒரு பிளாசாக் கடை, பேர் போடேல்ல, போட்டா வேற கரைச்சல் வரும். விண்டர் ரயர் மாத்தப் போன இடத்தில நிண்ட பெடியன், "அண்ணை, பிள்ளையளோட ஹைவேயில ஓடுறியள், இது இல்லாம எப்பிடி?" எண்டு ஒரு சிவப்புப் பையைத் தூக்கிக் காட்டினான். 72 சாமான் இருக்காம், கூட முன்கண்ணாடி கழுவுற வொஷர் தண்ணி ஒரு கானும் ஃபிரீயாம். பிள்ளையள் எண்ட சொல்லைக் கேட்டா என்ட மனுசி உடன காசைக் குடுங்கோ எண்டுவா, அது அவனுக்கும் விளங்கியிருக்கு.

பொங்கலுக்கு வந்து நிண்ட மூத்தவனைத் திரும்ப சட்பெரியில கொண்டுபோய் விடத்தான் வெளிக்கிட்டனாங்கள், ரொறன்ரோவில இருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். பாரி தாண்டினவுடன ஜோர்ஜியன் குடாப் பக்கம் இருந்து ஸ்னோ ஸ்குவால் அடிக்கத் தொடங்கிட்டுது, அந்தப் பக்கம் ஓடினவைக்குத் தெரியும், ஒரு நிமிசம் வெயில், அடுத்த நிமிசம் முன்னுக்குப் போற ட்ரக்கின்ட லைற்றும் தெரியாது. முன்னால போறவன் அடிக்கிற உப்புத் தண்ணி கண்ணாடி முழுக்க வெள்ளையாப் படியுது, வொஷரை அமத்தினா மோட்டர் உறுமுது, தண்ணி வரேல்ல. ஃபிரீயாத் தந்தது கோடைகாலத் தண்ணி! நீலமா இருந்ததால நானும் கவனிக்கேல்ல, கானில எங்கயும் மைனஸ் 40 வரைக்கும் உறையாது எண்டு போடேல்ல எண்டது வீட்ட வந்து பாத்தாப் பிறகுதான் தெரியும். வழியில நல்லதொண்டு வாங்கினன், ஆனா டாங்க் முழுக்க ஐஸ், எங்க ஊத்திறது? கொஞ்சத் தூரத்துக்கு ஒருக்கா கரையில நிப்பாட்டி மூத்தவன் இறங்கி கையால ஸ்னோவை அள்ளிக் கண்ணாடியைத் தேய்ச்சுத் தேய்ச்சு ஒரு மாதிரி பரி சவுண்ட் எண்ட ஊரையும் தாண்டிட்டம்.

அங்கால போக ஒரு ட்ரான்ஸ்போட் ட்ரக் குறுக்க விழுந்து பொலிஸ் றோட்டைப் பூட்டிட்டாங்கள். பக்கத்தில ஒரு பூட்டின காஸ் ஸ்டேசன், அதின்ட முன்பக்கம் விட்டுட்டு நிண்டம். நான் செய்த விசர் வேலையையும் சொல்லவேணும், காஸை மிச்சம் பிடிக்க எஞ்சினை நிப்பாட்டிட்டு ஹசாட் லைற், ரேடியோ, ரெண்டு போன் சார்ஜ் எல்லாத்தையும் ஓட விட்டனான். அஞ்சு வருசப் பற்றரி, அந்தக் குளிரில புதுப் பற்றரிக்கே கிட்டத்தட்ட பாதிப் பலம் போயிடும், எஞ்சின் ஒயிலும் தேன் மாதிரி இறுகிப்போய் இருக்கும். ரெண்டு மணித்தியாலத்தால திறப்பைத் திருப்பினா டிக் டிக் டிக், அவ்வளவுதான்.

சரி, கிட் இருக்குதானே எண்டு பையை எடுத்தம். 72 சாமானில 40 பிளாஸ்ரர். பிறகு காது துடைக்கிற பஞ்சுக் குச்சி, கேபிள் கட்டிற பிளாஸ்ரிக் நாடா, சேஃப்டி பின் எல்லாம் ஒவ்வொண்டா எண்ணித்தான் 72 ஆக்கியிருக்கிறாங்கள். ரோச் லைற்றுக்குள்ள போட்டு வந்த பற்றரி கசிஞ்சு ஸ்பிரிங்கெல்லாம் பச்சை. மடிக்கிற சவலால, மண்வெட்டி மாதிரி, ரயருக்கு முன்னால கிடந்த ஸ்னோவை ரெண்டு கொத்துக் கொத்த கழுத்தடியில டக்கெண்டு முறிஞ்சு போச்சு, கைபிடி மட்டும் என்ட கையில. வெள்ளிப் போர்வை ஒண்டே ஒண்டுதான், நாலு பேருக்கு. அதுவும் டொபி சுத்தின கடதாசி மாதிரி, விரிக்கேக்கயே கிழிஞ்சுது. சிவப்பு முக்கோணத்தை வச்சிட்டுத் திரும்ப காத்து அதைக் காட்டுக்குள்ள கொண்டுபோட்டுது.

ஆனா எனக்கு உண்மையாக் கொதி வந்தது, செத்த பற்றரிக்கு மற்றக் காரில இருந்து கரண்ட் எடுக்கிற பூஸ்டர் கேபிளிலதான். பையில பெரிசா 800 ஆம்ப் எண்டு அடிச்சிருக்கு. அந்த ஆம்பை ஒருத்தரும் நம்பாதேங்கோ, பாக்கவேண்டியது கேஜ், அதில நம்பர் குறையக் குறையத்தான் கம்பி மொத்தம், காருக்கு 4 இல்லாட்டி 6 வேணும். இதில கேஜே போடேல்ல. பக்கத்தில நிண்ட ஒரு ஆள் பாவம் தன்ட காரைக் கிட்டக் கொண்டுவந்து விட்டார், கேபிள் எட்டடிதான், எட்டாமல் ரெண்டு காரையும் மூக்கோட மூக்கு முட்ட விட்டம். குளிரில விறைச்சுப்போன கேபிளை நிமித்த தோல் வெடிச்சுது. பூட்டி கிராங்க் பண்ணினா எஞ்சின் அசையேல்ல, கேபிள் மட்டும் சுட்டு பிளாஸ்ரிக் மணம் வந்திட்டுது. வீட்ட வந்து வெட்டிப் பாத்தன், வெளியால பெருவிரல் மொத்தம், உள்ளுக்க தலைமயிர் மாதிரி நாலு இழை, கத்தியால சுரண்ட வெள்ளியா மினுங்குது. அலுமினியத்துக்கு மேல செப்புப் பூசி வச்சிருக்கிறாங்கள்.

கடைசியில பிக்கப்பில வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர்தான் காப்பாத்தினவர். அவற்ற கேபிள் பாம்பு மாதிரி, இருபதடி இருக்கும், அந்தக் குளிரிலயும் வளையுது. எங்கட பற்றரியின்ட பிளஸ், அவற்றதின்ட பிளஸ், பிறகு அவற்றதின்ட மைனஸ், கடைசிக் கிளிப்பை எங்கட எஞ்சின்ல பெயின்ற் இல்லாத இரும்பில. பூட்டிட்டு உடன ஸ்ராட் பண்ண விடேல்ல, பத்து நிமிசம் பேசாம இருக்கச் சொன்னார். பிறகு ஒரே திருப்பில பிடிச்சிட்டுது. போகமுதல் காரின்ட பின்பக்கம் போய் சைலன்சர் குழாயைச் சுத்தி மூடியிருந்த ஸ்னோவைக் காலால தள்ளிவிட்டார். குழாய் மூடியிருக்க எஞ்சின் ஓடினா காபன் மொனொக்சைட் உள்ளுக்க வந்து ஆக்கள் நித்திரையிலயே போயிடுவினமாம், நிண்டுகொண்டு ஓட விடுறதெண்டா முதல் அதைத் துப்பரவாக்கிப்போட்டு மணித்தியாலத்துக்குப் பத்து நிமிசம், காத்துப் படாத பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டுட்டு. எனக்கு இது தெரியாது, 19 வருசமா இஞ்ச கார் ஓடுறன்.

அடுத்த கிழமை முறிஞ்ச சவலையும் கேபிளையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனன். அதே பெடியன். "அண்ணை, பாவிச்ச சாமான் ரிட்டர்ன் எடுக்கமாட்டம்" எண்டான். பாவிக்காம இது பழுது எண்டு எப்பிடித் தம்பி தெரியும் எண்டு கேட்டன். பில்லைத் திருப்பிக் காட்டுறான், 30 நாள் எண்டு போட்டிருக்கு. ஒக்டோபர்ல விக்கிற சாமான், தை மாசம்தான் வேலை, 30 நாள் ரிட்டர்ன்! கணக்கைப் பாருங்கோ. வொஷர் தண்ணியைக் கேட்டா, அது ஃபிரீ அண்ணை, ஃபிரீக்கு என்ன கியாரண்டி எண்டான். அதோட நான் பேசின பேச்சை இஞ்ச எழுதேலாது.

இப்ப டிக்கியில கிடக்கிறது எல்லாம் தனித்தனியா வாங்கினது. 4 கேஜ் கேபிள் இருபதடி, இரும்புச் சவல், தலையில கட்டிற லைற், அதுக்கு லிதியம் பற்றரி, சாதாரண அல்கலைன் குளிரில செத்துப்போயிடும். ரயர் சறுக்கினாப் போட, வீட்டுப் பூனை கக்கா இருக்கிற தட்டில போடுற பூனை மண் ஒரு மூட்டை, கட்டிபடாத வகையாப் பாத்து, கட்டிபடுறது ஈரத்தில களி மாதிரி ஆகிடும். வீட்டில சும்மா கிடந்த கம்பளிப் போர்வை நாலு. மனுசி எள்ளுருண்டை ஒரு ரின்னில போட்டு வச்சிருக்கிறா, அது எந்தக் குளிருக்கும் கடிக்கலாம், ஆனா பிள்ளையள் எமேர்ஜென்சி வராமலே ரெண்டு தரம் முடிச்சிட்டுதுகள். எல்லாத்தையும் வாங்கின அண்டைக்கே வீட்டு வாசலில வச்சு மனுசியின்ட காரோட கேபிளைப் பூட்டி ஸ்ராட் பண்ணிப் பாத்தனான், பக்கத்து வீட்டுக்காரர் யன்னலுக்கால பாத்துச் சிரிச்சவர்.

போன சனிக்கிழமை அந்தப் பிளாசாவுக்கு மரக்கறி வாங்கப் போனன். கடை வாசலில அதே சிவப்புப் பை இடுப்பளவுக்கு அடுக்கி வச்சிருக்கு. இப்ப 99 டொலர், வொஷர் தண்ணி இன்னும் ஃபிரீதான்.