ஏ வகுப்புக் கேடயமா, தனியார் கேடயமா?

என் அக்கா மகன் முதல் சம்பளம் வாங்கிய கையோடு ஒரு காப்புறுதித் தாளைக் கொண்டுவந்து காட்டினான். தனியார் மருத்துவமனைத் திட்டமும், நாம் கையிலிருந்து கட்டவேண்டிய பங்கைக் குறைக்கும் ரைடர் என்னும் கூடுதல் காப்புறுதியும் சேர்ந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. "மாமா, போடலாமா?" என்றான்.

சிங்கப்பூர் அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் எப்படியும் அவனுக்கு உண்டு. 2015 நவம்பரிலிருந்து குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாரும் அதில் இருக்கிறோம்; ஏற்கெனவே நோய் இருந்தாலும் தள்ளுவதில்லை. ஆனால் அது அரசாங்க மருத்துவமனையின் மானியமுள்ள பி2, சி வகுப்பு வார்டுக் கட்டணத்துக்கு அளவெடுத்தது. அதற்கு மேல்தான் தனியார் நிறுவனங்களின் ஒருங்கிணைந்த கேடயத் திட்டம். அவனுக்கு இரண்டு வழி: அரசாங்க மருத்துவமனையில் மானியமில்லாத ஏ வகுப்பு வார்டு வரை, அல்லது தனியார் மருத்துவமனை.

தனியாரில் காத்திருப்பு குறைவு, அது பெரிய வசதிதான். ஆனால் மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏ வகுப்பிலும் உண்டு. இதைப் பலர் சொல்வதில்லை.

சந்தாவைப் பார்த்தால், 25 வயதில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அறுபதைத் தாண்டும்போது தனியார் சந்தா கிடுகிடுவென ஏறும். திட்டத்தின் தனியார் பகுதிக்கு மெடிசேவ் என்னும் நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு எடுக்கக்கூடியது 40 வயது வரை 300 வெள்ளி, 70 வரை 600, அதற்கு மேல் 900. மிச்சம் ரொக்கம். ரைடருக்கோ முழுக்க ரொக்கம். என் பெரியப்பா பல வருடம் கட்டிவந்த ரைடரை 72 வயதில், தேவைப்படும் நேரத்தில், கட்ட முடியாமல் விட்டார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரைடர் இப்போது பழைய ரைடரும் இல்லை. முழுச் செலவையும் ஏற்கும் ரைடர் வைத்திருந்தவர்களின் மருத்துவமனைக் கட்டணம், ரைடர் இல்லாதவர்களைவிடச் சராசரியாக 60 விழுக்காடு அதிகம் என்று சுகாதார அமைச்சு 2018இல் சொன்னது. அந்தச் செலவு எங்கே போகும்? எல்லார் சந்தாவிலும்தான் ஏறும். அதனால் 2026 ஏப்ரல் 1 முதல் விற்கும் புதிய ரைடர், நாம் முதலில் கட்டவேண்டிய குறைந்தபட்சத் தொகையை ஏற்காது. மிச்சக் கட்டணத்தில் நாம் கட்டும் பங்கான கூட்டுக்கட்டணத்தின் உச்சவரம்பும் 3,000 வெள்ளியிலிருந்து 6,000 ஆகிறது.

கணக்குப் போட்டுக் காட்டினேன். தனியார் கட்டணம் 20,000 வெள்ளி, முதல் தொகை 3,500 என்று வைத்துக்கொள்வோம். ரைடர் இல்லாவிட்டால் மிச்சத்தில் 10 விழுக்காடு சேர்த்து 5,150 வெள்ளி நம்முடையது. புதிய ரைடர் இருந்தால் 5 விழுக்காடு, மொத்தம் 4,325. வித்தியாசம் 825 வெள்ளிதான். கட்டணம் லட்சத்தைத் தாண்டினால்தான் ரைடர் உண்மையில் கைகொடுக்கும்.

சரி, என் முடிவு: ஏ வகுப்பு, ரைடர் வேண்டாம், ரைடருக்குக் கட்டும் பணத்தை அந்த முதல் தொகை 3,500 வெள்ளிக்காகத் தனியே சேர்த்து வை. அவனும் அப்படியே செய்தான்.

ஏற்கெனவே நோய் வந்துவிட்ட பெற்றோரிடம் பழைய திட்டம் இருந்தால் மட்டும் அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள். புதிய நிறுவனம் அந்த நோயை ஏற்க மறுக்கலாம். அதே நிறுவனத்தில் ஒரு படி இறங்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.